சீகன்பால்க் ஐயரின் செவி

1706 ஜூலைத் திங்களில் பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயரும் அவர்தம் உடன் ஊழியரான புளூச்சோ ஐயரும் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினர். அவர்கள் நிறுவிய பள்ளிகளையும் அச்சகத்தையும் திருச்சபை வரலாறு விரிவாகக் கூறுகிறது. அவற்றுக்கெல்லாம் முன்னர் அவர்தம் செவி எதிர்கொண்ட இடர்ப்பாட்டை நாம் அதிகம் எண்ணிப்பார்ப்பதில்லை.

ஒலி செவியில் படுவது புலனுணர்வு. அதனை இன்ன ஒலியென மனம் பகுத்தறிவது புலன்காட்சி. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பர் உளவியலார். ஜெர்மன் மொழியில் ளகரமும் ணகரமும் இல்லை. ஆதலின் அம்மொழியில் வளர்ந்தவருக்குத் 'தலை', 'தளை' என்பனவும், 'மனம்', 'மணம்' என்பனவும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். கிறிஸ்துவைத் தலையென்றும் பாவத்தைத் தளையென்றும் போதிக்க வந்தவருக்கு இது சிறு குறையன்று.

இக்குறை செவியின் பழுதாலன்று, பழக்கத்தாலேயே விளைகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. ஆங்கிலம் பேசும் இல்லங்களின் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்தியின் தகர, டகர வேறுபாட்டை உணர்ந்தனர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் அதனை உணர்ந்தோர் மிகச் சிலரே. தாய்மொழிக்கு வேண்டிய வேறுபாடுகளைக் கூர்மையாக்கிக்கொள்ளும் மனம், வேண்டாதவற்றைப் பொருட்படுத்தாது விடுகிறது. எனினும் இடைவிடாப் பயிற்சியால் முதியவரும் அவற்றை ஓரளவு மீட்டுக்கொள்ளலாம்.

சீகன்பால்க் ஐயர் மேற்கொண்ட வழியும் பயிற்சியே. திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துக்களை வரைந்து பயின்றார். தமிழ் நூல்களைப் பிறர் வாசிக்கத் தாம் கேட்டிருந்தார். செவி பிரித்தறியாததை விரலும் கண்ணும் நாவும் பிரித்தறியத் துணைசெய்தன எனக் கருதலாம். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி நிறைவுற்றது. 1716இல் அவரது தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது.

தமிழிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இவ்விடர் இல்லையென எண்ணலாகாது. ஒலியில் நேர்வது பொருளிலும் நேரும். சபையார் ஒருவர், "மனம் பாரமாயிருக்கிறது" என்கையில், பிரசங்கத்தில் பழகிய நம் செவி அதனைப் பாவபாரம் என்றே கொள்கிறது. அவர் சொல்ல வந்தது வட்டிக்கடனாகவோ, நீரின்றிக் காய்ந்த நாற்றங்காலாகவோ இருக்கலாம். செவியில் பட்டதனாலேயே கேட்டுவிட்டோம் என்று துணிதல் தகாது. போதிக்குமுன் சிறுவரோடு மணலில் அமர்ந்த அந்த ஊழியரின் தாழ்மை, குருவானவர்களாகிய நமக்கும் குருத்துவ மாணவருக்கும் இன்றும் வேண்டுவதாகும்.