முன்னோர் போன இடம்

ஒரு கால் தொட்டித் தண்ணீரில். இன்னொரு கால் தரையில். இப்படி ஒரு ராஜா நின்றதாக ஐரோப்பாவில் ஒரு பழங்கதை உண்டு. அவன் பெயர் ராட்பாட். இன்று ஹாலந்து என்று நாம் சொல்லும் நாட்டின் கடலோரத்தை ஆண்ட பிரிஸிய மன்னன். 719-ஆம் ஆண்டில் காலமானவன். ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்தவனுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. தனக்கு முன் ஆண்ட தன் குலத்து அரசர்கள் எல்லோரும் இப்போது மோட்சத்தில் இருக்கிறார்களா, நரகத்தில் இருக்கிறார்களா என்று பக்கத்தில் நின்ற பிஷப் உல்ப்ராமைக் கேட்டான். பிஷப் ஒளிவு மறைவு தெரியாதவர். ஞானஸ்நானம் பெறாமல் போனவர்கள் ஆகையால் நரகத்தில்தான் என்றார். ராஜா வைத்த காலை எடுத்துவிட்டான். யாரோ நாலு ஏழைகளோடு மோட்சத்தில் உட்கார்ந்திருப்பதைவிடத் தன் மனிதர்களோடு நரகத்தில் இருப்பதே தனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம்.

சரித்திர ஆசிரியர்கள் இதை நம்புவதில்லை. பிஷப்பின் பெருமையைச் சொல்ல வந்த நூலில் பிற்காலத்தில் சேர்ந்த கதை என்கிறார்கள். இருக்கட்டும். நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன்தான். ராஜா காலை எடுத்தது கற்பனையாக இருக்கலாம். அவன் கேட்ட கேள்வி கற்பனை அல்ல. எண்ணூறு வருஷத்துக்கு மேல் கழித்து, பூமியின் மறுகோடியில், அதே கேள்வியை ஜனங்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னவரே எழுதிய கடிதம் நமக்குச் சாட்சியாக இருக்கிறது.

அவர் பிரான்சிஸ் சவேரியார். நம்மவர்களுக்கு அவரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை நெட்டுருப் போட்டுப் பரதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். 1549 ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பானில் ககோஷிமா துறையில் அவர் இறங்கினார். இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமாக அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் அவருக்கு அதிகமான பலன் கிடைத்த ஊர் யமகுச்சி.

அந்த ஊர்ப் பிரபு ஓவுச்சி யோஷிதகாவுக்குக் கடிகாரம், வாத்தியம், மூக்குக் கண்ணாடி என்று அதிசயப் பொருள்களைக் காணிக்கையாகக் கொடுத்தார் சவேரியார். பிரபு பதிலுக்கு மதப் பிரசாரம் செய்ய உத்தரவும், குடியிருக்க ஆளில்லாத ஒரு பௌத்த மடத்தையும் கொடுத்தார். தினம் இரண்டு வேளை பிரசங்கம். பிரசங்கம் முடிந்ததும் கேள்விகள். ஜப்பானியர்கள் கேள்வி கேட்பதில் சளைத்தவர்கள் அல்ல. சூரியன் எப்படிச் சுற்றுகிறது, மழை எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்கிக் கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள்.

உங்கள் கடவுள் கருணாமூர்த்தி என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கப்பலேறி வரும் வரையில் எங்களுக்கு அவர் தம்மை ஏன் தெரியப்படுத்தவில்லை? அவரை அறியாமலே செத்துப்போன எங்கள் பெரியோர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சவேரியார் சொன்ன பதில் சாமர்த்தியமானது. சீனத்திலிருந்து சாஸ்திரங்கள் வருவதற்கு முன்பே கொலையும் களவும் பாவம் என்று ஜப்பானியருக்குத் தெரிந்திருந்ததல்லவா? மனிதர் யாருமில்லாத மலையிலே வளர்ந்த ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். அவனும் அதைத்தான் சொல்வான். யார் அவனுக்குப் போதித்தது? படைத்தவனே அவன் உள்ளத்தில் எழுதி வைத்தான். கேட்டவர்கள் இதை ஒப்புக்கொண்டார்கள் என்று சவேரியார் எழுதுகிறார்.

புத்தி ஒப்புக்கொண்டது. ஆனால் வீட்டுக்குப் போனால் அம்மாவின் நினைவு வருகிறதே! ஜப்பானில் வருஷந்தோறும் இறந்தோரை வரவேற்று வழியனுப்பும் விழா ஒன்று உண்டு. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் தம் தாய் பசிப்பேயாக வாடுவதைக் கண்டு, பிக்ஷுக்களுக்கு அன்னமிட்டு அவளை மீட்டார் என்ற கதையோடு சேர்ந்த விழா அது. மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறந்தவர்களுக்கு இருப்பவர்கள் ஏதாவது செய்ய முடியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நரகத்தில் விழுந்தவர்களைக்கூட மீட்க வழியுண்டு என்று பிக்ஷுக்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற புதுக் கிறிஸ்தவர்கள் வந்து கேட்டார்கள்: தர்மம் கொடுத்தால், ஜபம் செய்தால், எங்கள் தாய் தகப்பனை அங்கிருந்து வெளியே கொண்டுவர முடியுமா?

முடியாது என்றார் சவேரியார். அதற்குப் பரிகாரம் இல்லை.

அவர்கள் அழுதார்கள். 1552 ஜனவரி 29-ந் தேதி, கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபையாருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதைச் சவேரியார் மறைக்காமல் சொல்கிறார். தமக்குப் பிரியமான சிநேகிதர்கள் பரிகாரமில்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்த்துத் தமக்கும் துக்கம் பொங்கியது என்கிறார்.

அந்தக் கடிதத்தில் நான் மறுபடியும் மறுபடியும் திரும்பிப் போகும் இடம் இதுதான். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்நெஞ்சருக்கு அடுத்தவன் அழுதால் துக்கம் வருமா? பொய் சொல்லி ஆறுதல் கூறவும் அவரால் முடியவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். மலையிலே வளர்ந்தவன் உள்ளத்தில் கடவுள் எழுதி வைத்தது உண்மையானால், அதைப் படித்து அதன்படி நடந்த ஒரு யமகுச்சிக் கிழவர் ஏன் நரகத்துக்குப் போக வேண்டும்? கேள்விக்குச் சொன்ன பதிலிலேயே கதவு கொஞ்சம் திறந்து இருந்தது. பதில் சொன்னவர் அதன் வழியே போகவில்லை.

அவருடைய திருச்சபைக்கும் அந்தக் கதவு புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ், காட்டில் ஓநாய்களிடையே வளர்ந்த ஒருவனைப் பற்றி யோசித்திருக்கிறார். அவன் நல்லதை நாடி நடந்தால், கடவுள் அவனுக்கு உள்ளத்திலாவது உண்மையை வெளிப்படுத்துவார், அல்லது ஒரு போதகரையாவது அனுப்புவார் என்பது அவர் முடிவு. அந்தக் காலத்து ஜனங்களிடையே இன்னொரு கதையும் வழங்கியது. நீதிமானான ரோமச் சக்கரவர்த்தி டிராஜனுக்காகப் போப்பாண்டவர் கிரகோரியார் கண்ணீர் விட்டு வேண்டி, அவனை நரகத்திலிருந்தே மீட்டார் என்பது. இத்தாலியக் கவி தாந்தே இவனைத் துணிந்து மோட்சத்திலே உட்கார்த்தி வைத்தான். தனக்கு வழிகாட்டிய வர்ஜிலை மட்டும் நரகத்தின் வாசல் கட்டில் நிறுத்திவிட்டான். சக்கரவர்த்திக்குப் போப்பாண்டவரின் கண்ணீர் கிடைத்தது. யமகுச்சிக் கிழவர்களுக்குச் சிபாரிசு செய்ய யார் இருந்தார்கள்? அவர்கள் பிள்ளைகள்தாம். அந்தச் சிபாரிசு செல்லாது என்று சொல்லியாகிவிட்டது.

கடிதம் எழுதிய அதே வருஷம் டிசம்பர் 3-ந் தேதி, சீனக் கரையை அடுத்த ஒரு தீவில் சவேரியார் காலமானார். அவருக்கு வயது நாற்பத்தாறு.

1964 நவம்பரில் ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரு சாசனம் வெளியிட்டது. தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் போதனையை அறியாமல் போனவர்கள், உண்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் அவர் அருளால் நடந்திருந்தால் அவர்களும் கடைத்தேறலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. மலையிலே வளர்ந்தவனுக்கு இடம் கிடைத்தது. கொச்சியிலிருந்து கடிதம் புறப்பட்டு அப்போது 412 வருஷம் ஆகியிருந்தது. யமகுச்சியில் அழுதவர்களே அதற்குள் யாருக்கோ முன்னோர்கள்.