வலைக்கும் வரம்பு: பாக் விரிகுடா நண்டுத் தொழிலில் கருவிக் கட்டுப்பாடுகள் வளர்ந்த வரலாறு

முன்னுரை

ஒரு தொழிலைக் காக்க அதன் கருவிக்கு வரம்பு வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சேலை உள்ளிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைக் களம்பூர், ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளர்கள் நன்கு அறிவார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே கடலில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே கோடு கிழித்தது தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. இச்சட்டமும் அதைச் சூழ்ந்த ஊர்க் கட்டுப்பாடுகளும் பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டுத் தொழிலை எவ்வாறு வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு கருவியை மட்டும் கட்டினால் பாரம் இன்னொரு கருவியின் மேல் ஏறிக்கொள்கிறது என்பதே இதன் வாதம்.

நாளைப் பங்கிட்ட ஏற்பாடு

இறாலுக்காக வந்த இழுவைமடி விசைப்படகுகள் 1960களிலிருந்து தமிழகக் கரையில் பெருகின. நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுபட்டன. கரையெங்கும் மோதல்கள் மூண்டன. இதை ஆராய மத்திய அரசு 1976இல் மஜும்தார் தலைமையில் குழு அமைத்தது. கேரளமும் கோவாவும் 1980இலும், தமிழ்நாடு 1983இலும் சட்டம் இயற்றின. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு என்பது அன்றைய தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கிய விதி.

சட்டம் வருவதற்கு முன்பே, 1970களின் பிற்பகுதியில், பாக் விரிகுடாக் கரையில் இன்னொரு ஏற்பாடு உருவாகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன், சனியில் விசைப்படகு கிளம்பும்; மற்ற நாட்களில் அது துறைமுகத்தில் நிற்கும். சண்டை போட்ட இரு தரப்பும் அரசு அதிகாரிகளின் முன்னிலையில் பேசி ஏற்றுக்கொண்டதால்தான் இது பல பத்தாண்டுகள் நிலைத்தது.

இந்த நாள் கணக்கு நண்டு வலைக்கும் மறைமுக வரம்பாயிற்று. நண்டு வலை கடலடியில் சுவர்போல் நிற்கும் செவுள் வலை. மாலையில் விரித்துவிட்டு வந்து மறுநாள் விடியலில் எடுப்பார்கள். இழுவைமடி போகும் இரவில் அதைக் கடலில் விட்டுவைத்தால் காலையில் மிதவைகூட மிஞ்சாது. எனவே விசைப்படகு நாட்களில் நண்டு வலை பெரும்பாலும் கரையிலேயே கிடந்தது. நண்டைக் காக்க யாரும் நினைக்காமலேயே நண்டுக்கு ஓய்வு கிடைத்தது.

விலை ஏறியபோது

1990களில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டு குறைந்தது. அங்குள்ள நிறுவனங்கள் ஆசியக் கடல்களை நாடின. அதுவரை உள்ளூர்ச் சந்தைக்கே போன நீலக்கால் நண்டு, சதை பிரித்து டப்பாவில் அடைக்கும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. மண்டபம், தொண்டி போன்ற கரையூர்களில் அது முதன்மை வருவாயானது. வேகவைத்த நண்டிலிருந்து சதை எடுக்கும் பெண்களுக்கும் வேலை கிடைத்தது.

விலை ஏறியதும் படகில் ஏறும் வலையும் நீண்டது. விசைப்படகின் இடம், நாள், நேரம் ஆகியவற்றின் மீதே சட்டத்தின் கண் இருந்தது. கிழக்குக் கரையில் 2001 முதல் 45 நாளாகவும், 2017 முதல் 61 நாளாகவும் அமலில் உள்ள மீன்பிடித் தடைக்காலமும் விசைப்படகையே குறிவைத்தது. வலைச்சுமை நாட்டுப்படகுக்கு நகர்ந்ததை இவ்விதிகள் தடுக்கவில்லை.

இங்கே வலைக்கண்ணின் அளவு உயிர்நாடி. சினை நண்டின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் லட்சக்கணக்கான முட்டைகள் முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருந்து, பொரியும் வேளையில் கருஞ்சாம்பல் நிறமாகும். கரு முற்றிய அந்த நண்டைக் கடலில் விடவேண்டும் என்பதை மீனவர் பலரும் மறுப்பதில்லை. ஆனால் நண்டு வலையில் சுற்றிக்கொண்ட நண்டைப் பிரிக்கும்போது கால் முறிகிறது, கொடுக்கு கழல்கிறது. கரைக்கு வந்தபின் அளவு பார்த்துத் திருப்பிவிடு என்று சொல்வதால் குஞ்சு நண்டு பிழைக்காது. கண் பெரிதாக இருந்தால் அது வலையில் சிக்காமலே போகும். இந்தோனேசியா 2015இல் 10 செ.மீ.க்குக் குறைந்த ஓட்டகலமுள்ள நண்டையும் சினை நண்டையும் பிடிக்கத் தடை விதித்தது. அத்தகைய விதி பலிக்க வேண்டுமானால் வலையும் அதற்கேற்ப மாற வேண்டும்.

எதிர்க்கரை

விரிகுடாவின் மறுகரையான வட இலங்கையில் கருவிக் கட்டுப்பாடு வேறு கதை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கு மீனவர்களின் இயந்திரத் திறனுக்கும் கடலில் இருக்கும் நேரத்துக்கும் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடைகள் இருந்தன. 2009இல் போர் முடிந்தபின் அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது இந்திய இழுவைமடிகள் அவர்களின் நண்டு வலைகளைக் கிழித்தன. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 3 கடல் மைலுக்கு அப்பால், இந்திய–இலங்கைக் கடல் எல்லைக் கோட்டுக்கு இப்பால் என்று தமிழக விசைப்படகுக்கு மிஞ்சியது ஒடுங்கிய கீற்று; அதனால் அது எல்லை தாண்டியது. இங்கே போட்ட வரம்பின் பாரத்தை அங்குள்ள ஏழை மீனவரும் சுமந்தார்.

அலாஸ்கா தரும் பாடம்

கருவிக்கு மட்டும் வரம்பு வைத்தால் போதாது என்பதற்கு வேறொரு கடலும் சான்று. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் செந்நண்டுப் பிடிப்பு 1980இல் சுமார் 13 கோடி பவுண்டை எட்டி, உடனே சரிந்தது. 1983இல் பிடிப்பே நிறுத்தப்பட்டது. 1990களில் படகுக்கு இத்தனை நண்டுக் கூடுகள் (பொறிகள்) என்று வரம்பு வந்தது. கூடு குறைந்ததும் இருந்த கூடுகளை அடிக்கடி தூக்கினார்கள். படகுகளின் எண்ணிக்கை குறையாததால், அனுமதித்த அளவு சில நாட்களிலேயே தீர்ந்தது. புயலிலும் கடலுக்குப் போக வேண்டியதாயிற்று. 2005இல் பிடிப்பில் பங்கு ஒதுக்கும் முறை வந்தபின் சுமார் 250 படகுகள் இருந்த இடத்தில் 90க்கும் குறைவானவையே ஓடின. அவசரம் ஓய்ந்தது; கூடவே பல நூறு மாலுமிகளின் வேலையும் போயிற்று.

முடிவுரை

கருவி வரம்பு தனியாக நண்டைப் பெருக்கிவிடாது. எந்தக் கருவிக்கு, எந்த அளவில், யார் சம்மதத்தோடு என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமைகிறது. மூன்று–நான்கு நாள் ஏற்பாடு நிலைத்ததற்குக் காரணம் இரு தரப்பின் ஒப்புதல். அதே வழியில், நண்டு வலையின் கண்ணளவையும் ஒரு படகு ஏற்றும் வலையின் நீளத்தையும் ஊர்ச் சங்கங்களோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். சிறு நண்டை வாங்கமாட்டோம் என்று ஏற்றுமதி நிறுவனங்களும் உறுதி தரவேண்டும். வாங்க ஆள் இருக்கும்வரை வலைக்கண் சிறுத்துக்கொண்டே போகும். வரம்பால் முதலில் இழப்பவர் சிறு மீனவரும் சதை எடுக்கும் பெண்களுமே; மாற்று வலைக்கான செலவை அரசும் ஏற்றுமதியாளரும் ஏற்பது சலுகை அல்ல, நியாயம்.