வல்லாளனின் திதி

1

ஒரு ராஜ்ஜியம் 'இருக்கிறது' என்று சொல்லும் உரிமை யாருக்கு? படை இருக்கிறது, வரி வசூலாகிறது, நாணயம் அடிக்கப்படுகிறது, துறைமுகத்தில் அந்நியக் கப்பல் வந்து சரக்கு இறக்குகிறது. இருந்தும் பக்கத்து ராஜ்ஜியம் 'நீ இல்லை' என்கிறது. வட சைப்ரஸ் 1983-இல் தன்னைத் தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதை ஏற்கவில்லை. தைவானை நாடு என ஏற்றிருக்கும் அரசுகள் இன்று ஒரு டஜன் அளவில்தான். ஆனால் தைவான் செய்யும் மின்னணுச் சில்லு இல்லாமல் உலகில் பல யந்திரங்கள் ஓடா. சென்னையிலேயே 2012-இல் தைபே பொருளாதார பண்பாட்டு மையம் என்று ஒரு காரியாலயம் திறந்தார்கள். தூதரகம் செய்யும் வேலைகளில் பலவற்றைச் செய்கிறது. தூதரகம் என்ற சொல் மட்டும் பெயர்ப்பலகையில் கிடையாது.

வியாபாரி ஏற்றுக்கொண்டதை அரசன் ஏற்றுக்கொள்வதில்லை. அரசன் ஏற்றுக்கொண்டதை ஜனங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. அங்கீகாரம் என்பது ஒற்றைப் பொருள் அல்ல என்பதைத்தான் இவை சொல்கின்றன. இதைப் புரிந்துகொள்ள ஐக்கிய நாடுகள் சபை வரை போக வேண்டியதில்லை. 14-ஆம் நூற்றாண்டுத் திருவண்ணாமலை போதும். அங்கே ஒரு அரசன் தன் தலைநகரை இழந்து வந்து உட்கார்ந்தான். தெற்கே மதுரையில், யாரும் ஏற்காத ஒரு புதிய சுல்தானியம் அவனுக்கு எதிரியாக முளைத்தது. இருவருக்குமே அங்கீகாரம் பிரச்னையாக இருந்தது. அதை அவரவர் தேடிய இடம்தான் வேறு.

2

ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் 1291-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்து ஏறக்குறைய 50 வருஷம் ஆண்டவன். 1311-இல் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தின் வாசலுக்கு வந்தபோது சண்டையை நீட்டாமல் பணிந்தான். தன் மகன் விருபாக்ஷனை தில்லிக்கு அனுப்பினான். தூதனா, பிணைக்கைதியா என்று பிரித்துச் சொல்ல முடியாத பயணம் அது. 1313-இல் மகன் திரும்பி வந்தான். 1327 வாக்கில் முகமது பின் துக்ளக்கின் படை மறுபடியும் வந்து துவாரசமுத்திரத்தை அழித்தது. அடுத்த வருஷம் வல்லாளனைத் திருவண்ணாமலையில் பார்க்கிறோம். கன்னடக் கல்வெட்டுகள் இந்த ஊரை உண்ணாமலை என்று சொல்லி, அவன் அங்கிருந்து ஆண்டதைப் பதிவு செய்கின்றன.

ஏன் இந்த ஊர்? பக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் நிலப்படத்தையும் பார்க்க வேண்டும். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் பாதை செங்கம் கணவாய் வழியாக வந்து இந்த மலையடியில் முடிகிறது. பின்வாங்க மேடு உண்டு, முன்னேறச் சமவெளி உண்டு. பக்கத்துப் படைவீட்டில் சம்புவராயர்கள் தனியரசு நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் 'வென்று மண்கொண்டான்' என்ற பெயரையே சூடிக்கொண்டவன். ராஜ்ஜியங்கள் உடைந்து, ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு 'நானும் அரசன்' என்று சொன்ன காலம்.

திருவண்ணாமலையில் வல்லாளனுக்கு இல்லாதது கடல். கடல் இல்லையென்றால் குதிரை இல்லை. குதிரை இல்லையென்றால் அந்தக் காலத்தில் அரசே இல்லை. மேற்குக் கரையில் பார்க்கூரை ஆண்ட ஆளுப வம்சத்துச் சிக்காயி தாயியை அவன் மணந்தது இந்தப் பின்னணியில் வெறும் குடும்ப விஷயமாக எனக்குப் படவில்லை.

குதிரைக் கணக்கைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் பாண்டிய நாட்டைப் பற்றிய கணக்கு அது. கீஸ் தீவின் ஜமாலுத்தீன் வருஷம் 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார். வளைகுடாத் துறைகள் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து வருஷம் 10,000 குதிரைகள் வந்த காலமும் உண்டு. விலை 22 லட்சம் தீனார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான். இந்தப் பணம் கோயில் சொத்துக்களின் வருமானத்திலிருந்தும் தேவரடியார்கள் மீதான வரியிலிருந்தும் போயிற்று என்கிறார் வஸ்ஸாஃப். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனின் மந்திரியாக இருந்து காயல் முதலான துறைகளைக் கவனித்துக்கொண்டார். கோயில் வருமானம், அரபுக் குதிரை, முஸ்லிம் மந்திரி, சைவ அரசன் எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில். மதுரையில் சுல்தான் வந்ததும் இரண்டு உலகங்கள் முதல் தடவையாகச் சந்தித்து மோதிக்கொண்டன என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

3

1335 வாக்கில் மதுரையில் தில்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் தன்னைச் சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். தில்லியின் பார்வையில் அது ராஜ்ஜியம் அல்ல, கலகம். அடக்கப் புறப்பட்ட துக்ளக் வாரங்கல்லை எட்டியபோது படையில் கொள்ளைநோய் புகுந்தது. அவன் திரும்பிப்போனான். வடக்கே அரசுப் பதவியில் இருந்த அஹ்ஸனின் மகன் இப்ராஹிம் தில்லியின் கையில் கொலையுண்டார். மதுரைக்குக் கிடைத்தது அங்கீகாரம் அல்ல, அவகாசம்.

அவகாசத்தில் இருக்கிற அரசு முதலில் செய்கிற காரியம் நாணயம் அடிப்பது. தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மை இரண்டும்தான். காசு செல்ல வேண்டும். அதற்கு அடித்தவனின் வாக்கு செல்ல வேண்டும். அஹ்ஸனின் காசு அவரை நபி வழித்தோன்றல் என்றும் ஏழை எளியோரின் தந்தை என்றும் சொல்கிறது. தில்லி தராத தகுதியை வம்சத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் முயற்சி என்றே இதை நான் வாசிக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் அந்த வருஷங்களில் தில்லிக்கே இதே தவிப்பு. 1340-களில் துக்ளக் தன் காசில் தன் பெயரை விட்டுவிட்டு அப்பாஸிய கலீஃபாவின் பெயரைப் பொறித்தான். கெய்ரோவிலிருந்து அங்கீகாரம் வரக் காத்திருந்தான். மதுரையை ஏற்க மறுத்தவன் தன்னை ஏற்க இன்னொருவனை வேண்டிக்கொண்டிருந்தான். அங்கீகாரம் கடன் வாங்கிக் கடன் கொடுக்கிற சமாச்சாரம். இலக்கிய உலகத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதுரையின் வெளியுறவு எப்படி நடந்தது என்பதை உள்ளிருந்து பார்த்தவர் இப்னு பதூதா. தில்லியில் அவர் மணந்த பெண்களில் ஒருத்தி அஹ்ஸனின் மகள். 1340-களின் நடுவில் இலங்கையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இருந்துவிட்டு, பாரசீகம் தெரிந்த அந்த முத்து வியாபார அரசனைப் புகழ்ந்துவிட்டு, கப்பல் சேதமாகி இந்தக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவரும் அஹ்ஸனின் இன்னொரு மகளை மணந்தவர். ஆக சகலை முறை. உடனே பல்லக்கு வந்தது. விருந்தாளி உறவினருக்கு ஒரு யோசனை சொன்னார்: மாலத்தீவுக்குப் படை அனுப்பலாம். சுல்தான் ஒப்புக்கொண்டார். அந்தத் தீவின் அரசியினுடைய சகோதரியைத் தனக்கு மணம் பேசும் ஏற்பாடும் அதில் சேர்ந்தது. மூன்று மாதத்துக்குக் கடல் இடம் தராது என்று கடற்படைத் தலைவர் சொன்னதும் திட்டம் அப்படியே நின்றது. பத்து வருஷ வயதுகூட முழுசாக ஆகாத ராஜ்ஜியம், சம்பந்தம் பேசித் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள முயன்றது. வல்லாளன் பார்க்கூரில் செய்ததும் இதுவே.

இதே இப்னு பதூதா, தன் சகலை பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு அருவருத்து எழுதியிருக்கிறார். அந்த அரசுக்குள் உபசரிக்கப்பட்டவரின் சாட்சியம் அது. மதத்தின் பேரில் கணக்குத் தீர்க்க நினைக்கிற இரு தரப்புக்கும் அது சௌகரியப்படாது.

4

இப்போது கண்ணனூர்க் கொப்பம். சமயபுரத்தை அடுத்த இந்த ஊர் 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள வீரசோமேசுவரன் விக்கிரமபுரம் என்று பெயரிட்டு உண்டாக்கிய தென் தலைநகர். அவன் கட்டிய போசளீசுவரம் இன்றும் இருக்கிறது. 1342 வாக்கில் அது மதுரையின் காவல் கோட்டை. வல்லாளன் முற்றுகையிட்டது தன் மூதாதையின் ஊரை. வயது 80-ஐத் தொட்டிருந்தது என்கிறார் இப்னு பதூதா.

பல மாத முற்றுகைக்குப் பின் கோட்டையில் உணவு தீரும் நிலை. உயிரோடு வெளியேறலாம், கோட்டையை விடுங்கள் என்றான் வல்லாளன். எங்கள் சுல்தானைக் கேட்காமல் முடியாது என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். கேட்டுக்கொள்ளுங்கள் என்று 14 நாள் அவகாசம் கொடுத்தான்.

இந்த 14 நாளைப் பற்றி நம் சரித்திர நூல்கள் முதியவனின் ஏமாளித்தனம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தில்லி கலகம் என்றது. மதுரையோடு எழுத்துமூலம் பேச அது தயாராக இல்லை. வல்லாளனோ, எதிரிக்கு ஒரு சுல்தான் இருக்கிறான், அவனிடம் கேட்பது நியாயம், அவன் பதில் செல்லும் என்று ஏற்றுக்கொண்டான். மதுரைச் சுல்தானியத்துக்குக் கிடைத்த நிஜமான ராஜீய அங்கீகாரம் அதன் பரம எதிரியிடமிருந்து வந்தது. போர்நிறுத்தம் என்பதே 'நீ இருக்கிறாய்' என்று ஒப்புக்கொள்வதுதான்.

கடிதம் மதுரை மசூதியில் வாசிக்கப்பட்டது. கேட்டவர்கள் அழுதார்கள், சாவதென்று துணிந்தார்கள். மதிய உறக்க நேரத்தில், குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தபோது தாக்கினார்கள். வல்லாளனின் ஆட்கள் வருவது திருடர்கள் என்று நினைத்தார்கள். கிழவன் குதிரை ஏற முயல்கையில் சுல்தானின் சகோதரன் மகன் நஸிருத்தீன் யாரென்று தெரியாமலே வெட்டப்போனான். கூட இருந்த அடிமை, இவர்தான் அரசர் என்று அடையாளம் சொன்னான். அந்த அடையாளத்தால் அப்போது உயிர் பிழைத்தது. பிறகு அதே அடையாளத்தால், விடுவிக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி, யானை, குதிரை, பொருள் எல்லாவற்றையும் கறந்துகொண்டார்கள். கடைசியில் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைத் தொங்கிய நிலையில் தானே பார்த்ததாக இப்னு பதூதா எழுதுகிறார்.

மகன் நான்காம் வல்லாளன் 1343-இல் முடிசூடினான். மூன்று வருஷத்துக்கு மேல் அவனைப் பற்றித் தடயம் இல்லை. ஹொய்சளம் முடிந்தது, இடத்தை விஜயநகரம் எடுத்துக்கொண்டது. 1371-ஐ ஒட்டிக் குமார கம்பணன் மதுரையை வென்றான். அவன் மனைவி கங்காதேவி எழுதிய 'மதுரா விஜயம்' சுல்தான் அவன் கையாலேயே மடிந்ததாகப் பாடுகிறது. ஆனால் மதுரைச் சுல்தான்களின் கடைசிக் காசின் ஆண்டு ஹிஜ்ரி 779. அதாவது 1377-78. காவியம் கொன்றுவிட்ட அரசைக் காசு சில வருஷம் உயிரோடு வைத்திருக்கிறது.

5

தமிழ்நாட்டில் அங்கீகாரத்துக்கு இன்னொரு தலமும் உண்டு. கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு விட்டவன், நிலம் எழுதிவைத்தவன், எந்த அரசனின் 'யாண்டு' போட்டுக் கல்லில் வெட்டினான் என்பது. யார் ஆள்கிறார் என்று ஊர் தன் கையால் எழுதும் வாக்குமூலம் அது. படைவீட்டுச் சம்புவராயர்களுக்கு அது தாராளமாகக் கிடைத்தது. சிதறிப்போன பாண்டியர்களுக்குக்கூடக் கிடைத்தது. புதுக்கோட்டைப் பக்கம் சில கற்கள் 'சுரத்தான்' பெயரால் ஆண்டு சொல்வதைத் தவிர, மதுரைச் சுல்தான்களுக்குக் கல் ஏறக்குறைய மௌனம் சாதித்தது. கடல் ஏற்றது, காசு ஏற்றது, கல் ஏற்கவில்லை. வம்சம் பேசிய காசு ஊரிடம் பேச மறந்தது.

வல்லாளனுக்கோ கல்லையும் தாண்டிய ஒன்று கிடைத்தது. திருவண்ணாமலையில் அவன் பெயரால் வல்லாள கோபுரம் நிற்கிறது. பிற்காலத்தில் எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் அவன் பிள்ளையில்லாத அரசன். சிவனே குழந்தையாக அவன் கையில் வந்து மறைகிறார். மகனாக இருந்து உன் அந்திமக் கடன் தீர்ப்பேன் என்கிறார். தைப்பூசத்தன்று ஈசானிய குளத்துத் தீர்த்தவாரியில் வல்லாளன் இறந்த செய்தி சுவாமிக்கு வருகிறது. மேளதாளம் இல்லாமல் அண்ணாமலையார் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தில் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய்த் திதி கொடுக்கிறார்.

தில்லிக்கு மகனைப் பிணையாக அனுப்பிய, பட்டத்துக்கு மகனை விட்டுச்சென்ற அரசனை ஊர் பிள்ளையில்லாதவனாக ஆக்கியது ஏன்? புராணக்காரருக்குச் சரித்திரம் தெரியாது என்று சிரிப்பது சுலபம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். எரிக்க உடல் இல்லை. அது மதுரை மதிலில் வைக்கோலோடு தொங்கியது. கடன் செய்ய வேண்டிய மகனும் அரசோடு மறைந்தான். தீர்க்கப்படாத ஒரு சாவு ஊரின் மேல் விழுந்தது. தோற்ற அரசனுக்கு அடுத்து வந்த எந்த அரசும் பொறுப்பேற்காது. விஜயநகரத்துக்கு அவன் முன்னோடி மட்டுமே. ஆகவே ஊர் தன்னிடம் இருந்த ஒரே நிரந்தர அரசனிடம், அண்ணாமலையாரிடம், அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. சரித்திரத்தின் மகனை எடுத்துவிட்டுக் கடவுளை மகனாக வைத்தது. இது அறியாமை அல்ல. வாரிசுரிமையைத் திருத்தி எழுதிய ஒப்பந்தம்.

இதில் அரசியல் லாபம் யாருக்கும் இல்லை. அந்தத் திதியில் எதிரியின் பெயர் சொல்லப்படுவதில்லை, பழி கேட்கப்படுவதில்லை. மேளம் நிறுத்தப்படுகிறது, எள்ளும் தண்ணீரும் இறைக்கப்படுகின்றன. கலீஃபாவின் ஆடைக்குக் காத்திருந்த தில்லியும், நபி வம்சத்தைக் காசில் பொறித்த மதுரையும், மகனை அனுப்பி உயிர் வாங்கிய துவாரசமுத்திரமும் மேலே இருக்கிற ஒருவனிடம்தான் கையேந்தின. வல்லாளனுக்கு நிலைத்த அங்கீகாரம் அவன் கேட்காத இடத்திலிருந்து, அவன் செத்த பிறகு, கீழேயிருந்து வந்தது. அவனுடைய ராஜ்ஜியத்தின் எல்லைகள் இன்று எந்தப் படத்திலும் இல்லை. துக்கம் காக்கிற நாளில் மேளம் அடிக்காத ஒரு தெருவின் நீளம்தான் மிச்சம். அதை யாரும் இதுவரை கைப்பற்றவில்லை.