காயலான் கடையில் கிடந்த அரச ஊர்தி

அரிய பொருளை ஆக்கியவர் பெயரை வரலாறு மறப்பதில்லை. அப்பொருள் அழியும் தறுவாயில் அதனை மீட்டவர் பெயரோ பெரும்பாலும் ஏதோ ஒரு மூலையில் சிற்றெழுத்தில் நின்றுவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மகிழுந்து ஒன்றின் கதை, மீட்டவரையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும் என்பதற்குச் சான்றாகும்.

எத்தோரே புகாட்டி இத்தாலியில் கலைஞர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கார்லோ புகழ்பெற்ற அறைகலன் வடிவமைப்பாளர். தம்பி ரெம்பிராண்ட் விலங்குகளை வடிப்பதில் வல்ல சிற்பி. எத்தோரே 1909இல் ஆல்சேஸ் பகுதியிலுள்ள மோல்ஷீம் என்னும் சிற்றூரில் தம் தொழிற்சாலையை நிறுவினார். அன்று ஜெர்மானிய ஆட்சியில் இருந்த அவ்வூர், முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சைச் சேர்ந்தது.

அரசர்கள் ஏறிச் செல்லத்தக்க வண்டி ஒன்றைப் படைக்க வேண்டும் என்பது எத்தோரேயின் கனவு. அக்கனவின் வடிவமே 1920களின் பிற்பகுதியில் உருவான 'ரொயால்'. இதன் நீளம் ஏறத்தாழ 6.4 மீட்டர். எட்டு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த இதன் எஞ்சினின் கொள்ளளவு 12.7 லிட்டர். நாம் நன்கறிந்த பழைய அம்பாசடரின் எஞ்சினைப்போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்டது இது. இதன் முகப்பின் உச்சியில் நிமிர்ந்து நிற்கும் யானை, 1916இல் தம் 31ஆம் வயதில் மறைந்த தம்பி ரெம்பிராண்ட் வடித்த சிற்பத்தின் படி. தம்பியின் கலைக்கு அண்ணன் தந்த இடம் அது.

இருபத்தைந்து வண்டிகள் செய்வது திட்டம். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ஆறு வண்டிகளோடு பணி நின்றது. அவற்றுள்ளும் விலைபோனவை மூன்றே. அரசர்களுக்கெனப் பிறந்த வண்டியை எந்த அரசரும் வாங்கவில்லை. எஞ்சிய எஞ்சின்களைப் பிரெஞ்சு இருப்புப்பாதைகளில் ஓடிய தொடர்வண்டிகளில் பொருத்தினார் எத்தோரே. அரண்மனைக்குச் செல்ல இருந்தவை பொதுமக்களைச் சுமந்து ஓடின.

விற்ற மூன்றனுள் ஒன்றை வாங்கியவர் ஜோசப் ஃபுக்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். ம்யூனிக் நகரத்து வைன்பெர்கர் பட்டறையில் அதற்கு மடக்குக்கூரையுடன் கூடிய உடலை அமைக்கச் செய்தார். கறுப்பும் மஞ்சளுமாக வண்ணம் தீட்டிய வண்டி 1932இல் நிறைவுற்றது. அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஃபுக்ஸ் தாய்நாட்டை விட்டுச் சுவிட்சர்லாந்துக்கும், பின்னர் ஷாங்காய்க்கும் சென்று, 1937 அளவில் நியூயார்க் சேர்ந்தார். மூன்று டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டியும் அவருடனே அமெரிக்கா வந்தது. புலம்பெயர்வோர் எதைக் கையில் எடுத்துச் செல்வர், எதை விட்டுச் செல்வர் என்பது எளிதில் விடைகாணும் வினா அன்று. ஃபுக்ஸ் இதனை விட மனமின்றிச் சுமந்து வந்தார்.

ஆயினும் நியூயார்க்கின் குளிர் அதனை வென்றது. எஞ்சினுள் இருந்த நீர் உறைந்து வார்ப்பு வெடித்தது. செம்மை செய்வாரின்றி, ஈடிணையற்ற அவ்வண்டி பழைய இரும்பு வாங்கும் காயலான் கடையைச் சென்றடைந்தது. உலகில் ஆறே உள்ள ஒன்று, எடைக்கு விலை பேசப்படும் இடத்தில் கிடந்தது.

அதனைக் கண்டெடுத்தவர் சார்லஸ் செய்ன். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ப்யூக் பிரிவின் தலைமைப் பொறியாளர் அவர். 43,000 டாலர் பெறுமானமுள்ள வண்டியை 1940களின் இடைப்பகுதியில் 400 டாலருக்கு வாங்கினார். துருவேறிய இரும்பை மட்டுமே பிறர் கண்ட இடத்தில், அது இன்னதென அறிந்திருந்த கண் அவருடையது. வெடித்த எஞ்சினை மீண்டும் ஓடச் செய்தார்.

இங்கே ஒரு வினா எழுகிறது. செய்ன் வண்டியை இருந்தவாறே மீட்கவில்லை. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கைப் பொருத்தினார். கறுப்பையும் மஞ்சளையும் நீக்கி, வெண்மையும் கரும்பச்சையும் தீட்டினார். இது காத்தலா, மாற்றலா? பாடபேதங்களைக் கண்டு, எதைக் கொள்வது எதைத் தள்ளுவது என்று தடுமாறிய அனுபவமுடைய இலக்கிய அன்பர்களுக்கு இவ்வினா புதிதன்று. மூலத்தின் தூய்மையை நாடுவோர் செய்னைக் குறை கூறலாம். அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் அதனைக் கூடத்தில் நிறுத்தி வணங்க வாங்கியவர் அல்லர். சாலையில் ஓட்டுவதற்கே வாங்கினார். மூலம் என்று பேசுவதற்கு இன்று ஒரு வண்டி இருப்பதே அவரால்தான். திருத்தியதற்காக அவரைக் கண்டிப்போர், கைவிட்டிருந்தால் எதைக் கண்டிப்பர்?

1957இல் செய்ன் அவ்வண்டியை டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக அளித்தார். தாம் பணியாற்றிய நிறுவனத்தின் பெரும் போட்டியாளரை நிறுவியவர் பெயரால் அமைந்த இடம் அது! வண்டியின் வாழ்வே பெரிதெனக் கருதியவருக்கு அந்த வேற்றுமை தடையாகவில்லை.

பின்னாளில் நிகழ்ந்தவை அவர் செயலின் அருமையைப் பெருக்கின. 1985இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் ஆறு ரொயால்களும் முதன்முறையாக ஒருங்கே நின்றன. அவற்றுள் மற்றொன்று 1987இல் லண்டன் ஏலத்தில் 55 இலட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அத்தகைய விலை எழுமென்று யாரும் எண்ணாத நாளில், 400 டாலரைக் கொடுத்துத் தம் உழைப்பையும் தந்தவர் செய்ன். விற்றுப் பொருளீட்டாமல் பொதுவுடைமையாக்கியவரும் அவரே.

டியர்பார்னில் அவ்வண்டியின் அருகிலுள்ள குறிப்பில் எத்தோரே புகாட்டியின் பெயரும் வைன்பெர்கரின் பெயரும் முன்னே நிற்கின்றன. இறுதி வரி, அது சார்லஸ், எஸ்தர் செய்ன் இணையரின் கொடை என்கிறது. படைத்தவர் பெயரோடு நின்றுவிடாமல் அந்த இறுதி வரியையும் படிக்கும் வழக்கம் நம்மிடையே பெருகட்டும்.