வாசிப்பும் நன்கொடையும்: இங்கிலாந்து கண்ட படிப்பினை

எழுத்தறிதல் வேறு, வாசித்தல் வேறு. எழுத்துக்களைக் கூட்டி ஒலிக்க வல்லவன் எழுத்தறிந்தவன் ஆவான். ஒலித்தவற்றின் பொருளையும் உணர்ந்தவனே வாசித்தவன் ஆவான். சிறு பிள்ளைகள் தத்தம் வகுப்பிற்குரிய வாசிப்புத் திறனை அடைதல் வேண்டும் என விதி வகுத்தோர் இவ்வேற்றுமையைப் பலகாலும் மறந்துள்ளனர். அம்மறதியால் விளைந்த கேட்டினை நன்கு காட்டுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் நடந்த பெரியதொரு பரிசோதனையாகும்.

இங்கிலாந்தின் அரசினர் 1833ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென 20,000 பவுண் உதவினர். அத்தொகை ஆண்டுதோறும் வளர்ந்து, 1861ஆம் ஆண்டில் 813,441 பவுண் ஆயிற்று. இத்துணைப் பணத்துக்கேற்ற பயன் விளைந்ததா என்னும் வினா எழுந்தமை இயல்பே. 1858இல் நியூக்காசில் கோமகன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு இதனை ஆராய்ந்து 1861இல் தன் அறிக்கையை வெளியிட்டது. உபாத்தியாயர்கள் மேல்வகுப்புப் பிள்ளைகளையே பெரிதும் கவனிக்கின்றனர். கீழ்வகுப்புச் சிறுவர் கைவிடப்படுகின்றனர். அதனாற் பலர் செவ்வையாக வாசிக்கக் கல்லாமலே பாடசாலையை விட்டு நீங்குகின்றனர் என்பது அக்குழுவின் முடிபுகளுள் ஒன்று. இக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று.

அக்காலத்திற் கல்விப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் றொபேட் லோ என்பவர். அவர் 1862ஆம் ஆண்டிற் 'திருத்திய விதித்தொகுதி' என்பதை நடைமுறைக்குக் கொணர்ந்தார். இம்முறை மலிவானதாக இராவிடிற் பயனுடையதாக இருக்கும். பயனுடையதாக இராவிடின் மலிவானதாக இருக்கும் என அவர் பாராளுமன்றத்திற் கூறிய கருத்து, அவருடைய நோக்கத்தைத் தெளிவாகக் காட்டும்.

விதி இதுவே. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், வரவு போதியதாயின், எட்டுச் சிலிங் நன்கொடை உரியது. ஆனால் வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை வந்து வாசிப்பு, எழுத்து, கணிதம் என்னும் மூன்றிலும் பிள்ளைகளைத் தனித்தனியே பரீட்சிப்பார். ஒன்றில் தவறினால் இரண்டு சிலிங் எட்டுப் பென்ஸ் குறையும். மூன்றிலும் தவறினால் எட்டுச் சிலிங்கும் போய்விடும். ஒருமுறை ஒரு தரத்திற் பரீட்சிக்கப்பட்ட பிள்ளையை மறுமுறை அதே தரத்திற்கு முன்வைத்தலும் ஆகாது.

பிள்ளைகள் ஆறு தரங்களாக வகுக்கப்பட்டனர். முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலாகிய ஒரு கதையை வாசித்தல் வேண்டும். இரண்டாந் தரத்துப் பிள்ளை அதற்கு அடுத்த படியிலுள்ள கதையையும், மூன்றாந் தரத்துப் பிள்ளை தொடக்க வாசிப்பு நூலிலுள்ள ஒரு சிறு பந்தியையும், நான்காந் தரத்துப் பிள்ளை அதனினும் கடினமான நூலிலுள்ள பந்தியையும், ஐந்தாந் தரத்துப் பிள்ளை சில செய்யுளடிகளையும் வாசித்தல் வேண்டும். ஆறாந் தரத்துக்கு உரியது செய்தித்தாளிலுள்ள ஒரு சாதாரண பந்தி.

இவ்வமைப்பில் நன்மை இல்லை என்று கூறுதல் நேர்மையன்று. அதுவரை வித்தியாதரிசி வரும்போது முன்வரிசைச் சிறுவர் சிலருடைய குரலே பெரிதும் கேட்டது. இப்போது பின்வாங்கிலில் இருந்த மந்தப் பிள்ளையின் வாயும் திறக்கவேண்டியதாயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் கணக்கிற் சேர்க்கப்படல் வேண்டும் என்ற கொள்கை உயர்ந்ததே.

ஆயினும் விதியின் உள்ளே ஒரு பிழை மறைந்திருந்தது. முதல் ஐந்து தரங்களுக்கும் உரிய வாசிப்புப் பகுதி, அப்பாடசாலையில் வழங்கும் நூல்களிலிருந்தே எடுக்கப்பட்டது. முன்பின் காணாத பகுதி ஆறாந் தரத்தில் மட்டுமே வந்தது. அத்தரத்தை எட்டியோர் மிகச் சிலர். எனவே உபாத்தியாயர்கள் ஒரே நூலை ஆண்டு முழுதும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தனர். பிள்ளைகள் அதனை மனனஞ் செய்து, எழுத்திற் கண் பதியாமலே ஒப்புவித்தனர். பரீட்சை தேறிற்று, நன்கொடை கிடைத்தது, வாசிப்பு மட்டும் வரவில்லை. இதற்கு உபாத்தியாயரை மட்டும் பழித்தல் தகாது. பிள்ளையின் நாவில் தம் ஊதியம் தங்கியிருக்கும்போது, எந்த மனிதரும் நிச்சயமான வழியையே நாடுவர்.

இக்கேட்டினை அஞ்சாது எடுத்துரைத்தவர் மத்தியூ ஆர்ணல்ட். கவிஞராகவும் திறனாய்வாளராகவும் உலகம் அறிந்த அவர், 1851 முதல் 1886 வரை வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர். விதித்தொகுதி நடைமுறைக்கு வந்த 1862ஆம் ஆண்டிலேயே அதனை மறுத்துக் கட்டுரை எழுதினார். வாசிப்பு என்பது தனியே பிரித்துக் கற்பிக்கத்தக்க பொறித்தொழில் அன்று. பிள்ளையின் பொது அறிவும் ஆர்வமும் வளரும்போதே அதுவும் வளரும் என்பது அவர் கொள்கை. பின்னர் எழுதிய அறிக்கைகளில், தந்திரமாகப் பயிற்றினால் உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்புப் பரீட்சையில் தேறச் செய்யலாம் என்பதைச் சுட்டிக் காட்டினார். அவர் தந்த கணக்கு ஒன்றும் கருதத்தக்கது. 1861இல் 36 பிள்ளைகளுக்கு ஒருவராக இருந்த மாணவ உபாத்தியாயர், 1866இல் 54 பிள்ளைகளுக்கு ஒருவராகக் குறைந்தனர். தேர்ச்சி வேண்டும் என்ற கட்டளை கடுமையாயிற்று. அருகிருந்து பிள்ளையின் வாசிப்பைக் கேட்டுத் திருத்தும் ஆட்களோ அருகினர். அரசினர் நன்கொடையும் 1865இல் 636,806 பவுணாகச் சுருங்கிற்று. மலிவு கைகூடிற்று, பயன் கைகூடவில்லை.

1888இல் குறொஸ் ஆணைக்குழு இம்முறையைத் தளர்த்தும்படி பரிந்துரைத்தது. 1890ஆம் ஆண்டு விதிகள் அதன் ஆணிவேரை அறுத்தன. அந்நூற்றாண்டு முடியுமுன் அது மறைந்தது. எனினும் ஒரு தலைமுறையினர் முழுவதும் அதன் கீழ்க் கற்று வெளியேறிவிட்டனர்.

இலங்கையும் இதற்குத் தப்பவில்லை. இங்கு 1869இல் வித்தியாபகுதி அமைந்ததும், பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை இங்கிலாந்தைப் பின்பற்றிப் புகுத்தப்பட்டது. அதற்கு முன்னரே இந்நாட்டில் வேறொரு வழி காட்டப்பட்டிருந்தது. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களைப் படிமுறையாக இயற்றி அச்சிட்டார். எளிய சிறு வாக்கியங்களில் தொடங்கிக் கடினமான உரைநடைக்கு ஏற்றிச் செல்வன அவை. தரம் பரீட்சையில் மட்டும் இருந்தாற் பிள்ளை அஞ்சும். நூலில் இருந்தாற் பிள்ளை ஏறும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வகுப்புக்கு ஓர் அளவு வகுத்தல் தவறன்று. பின்தங்கிய பிள்ளையைக் கண்டறிய அளவுகோல் வேண்டும். ஆனால் அளவுகோல் பயிரை வளர்க்காது. பல நூல்களைக் காணும் வாய்ப்பும், தவறினால் அஞ்சாது மீண்டும் வாசிக்கும் அவகாசமும், பொறுமையோடு கேட்கும் ஒரு செவியும் சிறு பிள்ளைக்கு வேண்டும். இவற்றை அளியாது தேர்ச்சியை மட்டும் கேட்போருக்குப் பிள்ளைகள் அவர் கேட்டதையே கொடுப்பர். தமக்கு வேண்டிய கல்வியையோ பெறாது போவர். தன் வகுப்பில் வாசிக்க இடர்ப்படும் ஒரு பிள்ளையைக் காணும் உபாத்தியாயர், அப்பிள்ளை எத்தரத்தில் நிற்கின்றது என்று வினவுவதோடு அமையாது, அப்பிள்ளையின் வாசிப்பை இன்று யார் கேட்டார் என்றும் வினவுவாராக.