தஞ்சைச் சபையில் இருக்கைகளும் நகர மரியாதையும்

தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்தை அடுத்துள்ள சுவார்ட்ஸ் ஆலயத்திற்குச் செல்வோர் யாவரும் அங்குள்ள பளிங்குச் சிற்பத்தைக் கண்டு நிற்பர். மரணப் படுக்கையிலுள்ள சுவார்ட்ஸ் ஐயரின் கரத்தை இரண்டாம் சரபோஜி மன்னர் பற்றியிருக்கும் அக்காட்சியை, மன்னரே இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக்கொண்டு செய்வித்தார். அழகிய காட்சிதான். எனினும் தஞ்சை நகரக் கிறிஸ்தவரின் வரலாற்றை இதிலிருந்து தொடங்குகிறவர் நடுவிலிருந்தே தொடங்குகிறார் என்பது எம் கருத்து.

1799-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப்பின் சரபோஜியின் ஆட்சி கோட்டைக்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் சுருங்கிற்று. நாட்டை இழந்த அரசில் மரியாதைகள் மட்டும் குறையவில்லை. தர்பாரில் யார் எங்கே அமர்வது, ஊர்வலத்தில் யார் முன்னே செல்வது என்பவற்றாலேயே ஒருவர் இன்னார் என்று நகரம் அறிந்துகொண்டது. கிறிஸ்தவரான வேளாளக் குடும்பத்தினர் இந்து உறவினரோடு கொள்வினை கொடுப்பினை விடாமல் இந்நகரிலேயே வாழ்ந்தனர். ஆலயத்தில் அவர்கள் ஒரு பக்கமும், பறையர் சமூகத்துச் சபையார் வேறொரு பக்கமும் அமரும் வழக்கம் தரங்கம்பாடிச் சபையின் தொடக்க காலத்திலிருந்தே வந்தது. சுவார்ட்ஸ் ஐயரும் அதை வேரோடு களைய முற்படவில்லை.

1820-களில் வந்த புதிய மிஷனெரிகள் ஒரே இருக்கை வரிசையையும் ஒரே பாத்திரத்தில் பேதமின்றி நற்கருணையையும் வற்புறுத்தியபோது கலகம் மூண்டது. சரபோஜியோடு சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவரும் 'பெத்லகேம் குறவஞ்சி'யின் ஆசிரியருமான வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) எதிர்ப்பின் குரலானார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதிகளைக் கலந்து அமர்த்துதல், பண்டிகைகளில் மலர்களை விலக்குதல், ஆராதனையிலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளை நீக்குதல் ஆகிய நான்கையும் அவர் கொடுமைகள் எனக் கண்டித்தார். மலரிலும் கீர்த்தனையிலும் நம் தீர்ப்பு ஐயமின்றி அவர் பக்கமே. மொழிபெயர்ப்பைப்பற்றிய வழக்கோ நமக்குள்ளும் இன்னும் தீர்ந்தபாடில்லை! இந்த நியாயமான முறையீடுகளோடு இரண்டாவதும் ஒரே மனுவில் கட்டுண்டதே அக்காலத்தின் துயரம். தமிழனாயிருப்பதும் சாதியைக் காப்பதும் ஒன்றே என அவர் கருதினார். இரண்டையும் ஒருங்கே களையவேண்டும் என மிஷனெரிகள் கருதினர். இரு தரப்பாரும் பிரிக்கவேண்டியதைப் பிரித்தறியவில்லை.

சாதிப் பாகுபாட்டைச் சபையிலிருந்து உடனடியாக ஒழிக்கவேண்டும் என்று கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். 1835-இல் தாமே தஞ்சைக்கும் வந்தார். பலர் சபையை விட்டு விலகினர். 1840-க்குப்பின் தமிழகத்தில் பணியாற்ற வந்த லைப்சிக் மிஷன் சாதி வழக்கத்தில் பொறுமை காட்டியதால், விலகியோரில் பலர் லுத்தரன் சபையில் சேர்ந்தனர். இன்றும் ஒரே நகரில் இரு சபைகள் இருப்பதன் காரணத்தை ஆராயும் மாணவர், விசுவாச அறிக்கைகளை மட்டும் புரட்டினால் போதாது.

விலகியோரின் வாதம் இதுவே: சாதி என்பது சமய வேறுபாடன்று, நகர வாழ்வின் மரியாதை, ஐரோப்பியரிடையே பிரபுவும் குடியானவனும் இருப்பதுபோன்றது. இதை எளிதில் தள்ளிவிடலாகாது. வீதியில் உறவினரின் ஏளனத்தைச் சுமந்தவர்கள் மிஷனெரிகள் அல்லர், இக்குடும்பத்தினரே. ஆனால் இவ்வாதத்தைச் சோதிக்க ஒரு வழக்கு உண்டு. அது சுவார்ட்ஸ் ஐயருக்கும் முந்தியது.

தஞ்சை அரசரின் படையில் சேவைக்காரராயிருந்த இராஜநாயக்கன், பறையர் சமூகத்தில் கத்தோலிக்கராகப் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட வேதப் புத்தகத்தை வாசித்து, 1720-களின் பிற்பகுதியில் மிஷனெரிகளை நாடி வந்தார். படைத்தொழிலை விட்டு உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் சபைகளைக் கூட்டினார். அடியும் பகையும் சகித்தார். 1733-இல் வேளாளரான ஆரோன் முதல் இந்தியப் புராட்டஸ்டண்டு குருவாக அபிஷேகம் பெற்றிருந்தார். அடுத்த குருவைத் தெரிந்துகொள்ளும் வேளையில் இராஜநாயக்கன் பெயரும் எழுந்தது. அவரது கையினின்று நற்கருணை பெற உயர்சாதியார் இசையார் என்று அஞ்சி மிஷனெரிகள் பின்வாங்கினர். 1741-இல் தியோகு குருப்பட்டம் பெற்றார். நகர மரியாதை வீதியோடு நின்றுவிடவில்லை. வில்சனின் சுற்றறிக்கைக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, பீடத்தின்முன் யார் நிற்கலாம் என்பதையும் அதுவே தீர்மானித்திருந்தது. இராஜநாயக்கன் 1771-இல் உபதேசியாராகவே மரித்தார். சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் நிலையாகத் தங்க வந்தது அதற்கு ஏழாண்டுகளின் பின்னர்.