அச்சுக்குரிய பி.டி.எஃப். கோப்பு: வடிவமும் பாடமும்

இக்காலத்தில் அச்சேறும் நூல் பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்பாகவே அச்சகத்தை அடைகின்றது. அக்கோப்பு நூலின் வடிவத்தைக் காப்பது வெளிப்படை. பாடத்தையும் காக்கின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வார்னாக், கெஷ்கி ஆகிய இருவரும் 1982இல் தோற்றுவித்த அடோபி நிறுவனம், 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டது. எழுத்தையும் கோட்டையும் படத்தையும் எவ்விடத்தில் எவ்வாறு வரைதல் வேண்டும் என்று அச்சுப்பொறிக்கு உரைப்பது அது. ஆயினும், கோப்பைப் பெறுவாரிடம் உரிய எழுத்துரு இல்லாவிடின் வேற்றுரு புகுந்து பக்கம் சிதைதல் உண்டு. கணினிதோறும் பக்கம் மாறாது தோன்றுதற்கு 1991இல் வார்னாக் 'கேம்லாட்' என்னும் திட்டத்தை வகுத்தார். அதன் பயனாக 1993இல் பி.டி.எஃப். வெளிவந்தது. எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிக்க இடந்தந்தமை இதன் சிறப்பு. 2001இல் வந்த பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ என்னும் பன்னாட்டுத் தரம், அச்சுக்கோப்பில் அப்பொதிவைக் கட்டாயமாக்கியது.

கோப்பின் அளவைக் குறைக்கும் சுருக்கம் இருவகைத்து. 1996இல் பி.டி.எஃப். 1.2 ஏற்றுக்கொண்ட ஃபிளேட் முறை இழப்பற்றது. ஜேபெக் முறையோ நுண்கூறுகளைக் கைவிட்டு அளவைக் குறைப்பது. ஒளிப்படத்திற்கு இது பொருந்தும். பழம்பதிப்புப் பக்கங்களின் படத்தில் இதனை மிகுதியாகக் கையாளின் மெய்யின் புள்ளி மங்கும். புள்ளி மங்கின் பாடம் ஐயத்திற்கு இடமாகும்.

படம் தெளிவாயின் பாடமும் காக்கப்பட்டதன்றோ எனின், அன்று. பி.டி.எஃப். முதன்மையாகப் பதிவுசெய்வது உருக்களையும் அவை நிற்கும் இடங்களையுமே. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று உருக்களாக அதனுள் நிற்கக்கூடும். மேலும், ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருக்களை அமைத்தன. ஆதலின் கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றும் பக்கம், கணினியில் தேடுவார்க்கு உரோமன் எழுத்துக் குவியலாகிவிடுகின்றது. உருவை ஒருங்குறியோடு இணைக்கும் அட்டவணைக்கும் பி.டி.எஃப். 1.2 இடந்தந்தது. ஆயினும் அச்சுத் தரமாகிய எக்ஸ்-1ஏ அதனைக் கட்டாயமாக்கவில்லை. ஆவணக் காப்புக்கென 2005இல் வந்த பி.டி.எஃப்./ஏ-1ஏ தரமே எழுத்துகளுக்கு ஒருங்குறித் தொடர்பை வேண்டுகின்றது.

இதனால் போதருவது யாது? அச்சகம் குறையின்றி ஏற்கும் கோப்பு, ஆய்வாளர்க்குப் பயன்படாத கோப்பாகவும் இருத்தல் கூடும். சொல்லடைவும் பாடவேறுபாட்டாய்வும் நாளை எளிதில் நிகழ வேண்டுமாயின், பதிப்பாசிரியர் அச்சுக்கோப்போடு அமையாது, ஒருங்குறியிலமைந்த மூலபாடத்தையும் தனியே காத்தல் கடமையாகும்.